காடறிந்த லியோபோல்டு

மானின் அழகு கண்ணில் பாதி, கொம்பில் பாதி என்று கூறலாம். ஆண்மானைக் கலை என்றும், பெண்மானைப் பிணை என்றும், குட்டியை மறி என்றும் நம் முன்னோர் வேறு பிரித்து வழங்கினர். ஆட்டின் கொம்பும் மாட்டின் கொம்பும் ஒரு முறை முளைத்தால் வாழ்நாள் முழுதும் நிலைத்து நிற்பன. வெளிமானின் முறுக்குக் கொம்பும் அத்தகையதே. புள்ளிமான், கடமான் முதலியவற்றின் கொம்போ முற்றும் எலும்பால் ஆனது, கிளைவிட்டு வளர்வது, உதிர்ந்து மீண்டும் முளைப்பது. வட அமெரிக்காவில் வாழும் வெண்வால் மானும் இவ்வகையைச் சேர்ந்தது. இளவேனிற் காலத்தில் கலைமானின் தலையில் மெல்லிய மயிர்த்தோல் போர்த்த குருத்துத் தோன்றும். கோடையில் அது விரைந்து வளர்ந்து கிளைக்கும். இலையுதிர் காலத்தில் தோல் காய்ந்து உரிய, மான் தன் கொம்பை மரத்தில் தேய்த்துக் கூர்மையாக்கிக் கொள்ளும். பனிக்காலத்தில் அக்கொம்பு கழன்று வீழ்ந்துவிடும். அடுத்த ஆண்டு மீண்டும் புதிய கொம்பு முளைக்கும்.

இக்கொம்பை முன்வைத்து வேட்டைக்காரரிடையே நெடுங்காலமாக ஒரு வினா இருந்து வருகிறது. எதிரே நிற்கும் கலையின் கொம்பு ஒரு புறம் கிளைத்தும் மறு புறம் கோணியும் இருக்கிறது. அல்லது கிளையே இன்றி இரண்டு ஈட்டிகள் போல் நிற்கிறது. அம்மானைச் சுடுவதா, விடுவதா? சுட்டால் இனம் தூய்மையாகும் என்பர் சிலர். விட்டால் அடுத்த ஆண்டு அழகிய கொம்பு முளைக்கும் என்பர் வேறு சிலர். வினா சிறியதுதான். ஆனால் இதற்கு நேரிய விடை காண வேண்டுமாயின், மானை மட்டும் அறிந்தால் போதாது. மான் தின்னும் தழையையும், அது ஒதுங்கும் பனிக்காட்டையும், அதனைத் துரத்தும் ஓநாயையும் அறிதல் வேண்டும். அவ்வறிவைத் தேடி நாற்பது ஆண்டுகள் காடுகளில் உழைத்தவர் ஆல்டோ லியோபோல்டு. தாம் முதலில் உறுதியாகப் பற்றியிருந்த கொள்கையைப் பின்னர்த் தாமே கைவிட்டவர் அவர். அதன் பொருட்டு ஒரு மாநிலத்து மக்களின் வசைச் சொற்களையும் பொறுத்துக்கொண்டவர்.

லியோபோல்டு 1887ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 11ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த பர்லிங்டன் என்னும் ஊரில் பிறந்தார். மிசிசிப்பிப் பேராற்றை நோக்கிய உயர்ந்த மேட்டின்மேல் அவர்கள் வீடு அமைந்திருந்தது. இளவேனிலில் வடக்கு நோக்கியும், குளிர் தொடங்குமுன் தெற்கு நோக்கியும் காட்டு வாத்துகள் அணியணியாக அவ்வாற்றின்மேல் பறந்து செல்லும். தந்தையார் கார்ல் லியோபோல்டு எழுதுமேசை செய்யும் தொழிற்சாலை ஒன்றை நடத்தி வந்தார். அவர் வேட்டையில் பெருவிருப்பம் உடையவர். எனினும், கூடு கட்டச் செல்லும் பறவைகளை இளவேனிலில் சுடுவது தகாது எனக் கண்டு, சட்டம் தடுப்பதற்கு முன்னரே அவ்வழக்கத்தைத் தாமாகவே விட்டொழித்தார். மைந்தனுக்கும் அவ்வாறே பயிற்சி அளித்தார். துப்பாக்கியைக் கையில் கொடுத்தபோது, மரத்தில் அமர்ந்திருக்கும் காட்டுக்கோழியைச் சுடலாகாது, பறக்கும்போதுதான் சுட வேண்டும் என்று விதித்தார். சிறுவன் பறவையைச் சுடப் பழகவில்லை; நாயோ கோழிகளை மரத்தில் ஏற்றிவிட்டு அடியில் நின்று குரைக்கும். கைக்கெட்டிய இரையை விட்டுவிட்டு வெறுங்கையுடன் வீடு திரும்பிய நாள்கள் பல. சுடத்தக்கது எது, தகாதது எது என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்ளும் பழக்கம் அவருக்கு அங்கே தொடங்கியது.

யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் பயின்று பட்டம் பெற்ற லியோபோல்டு, 1909ஆம் ஆண்டு அரசின் வனத்துறையில் சேர்ந்தார். அப்போது அவருக்கு அகவை இருபத்திரண்டு. அரிசோனாவில் உள்ள அப்பாச்சிக் காட்டில் அவருக்கு வேலை கிடைத்தது. குதிரைமேல் ஏறி மலைமுகடுகளில் திரிந்து, மரங்களை அளந்து கணக்கிடுவது அவர் கடமை. ஓநாயைக் கண்டால் சுட்டு வீழ்த்துவது அந்நாளில் எல்லோரும் செய்த செயல். ஓநாய் குறைந்தால் மான் பெருகும், ஓநாயே இல்லாத நாடு வேட்டைக்காரனின் பொன்னாடு என்று அவரும் நம்பினார். ஒருநாள் அவரும் தோழரும் மலைவிளிம்பில் அமர்ந்து உணவு உண்டுகொண்டிருந்தனர். கீழே ஆற்றைக் கடந்து வந்த தாய் ஓநாயை அதன் வளர்ந்த குட்டிகள் வாலை ஆட்டி வரவேற்றன. உடனே துப்பாக்கிகள் முழங்கின. இறங்கிச் சென்று பார்த்தபோது தாய் ஓநாய் உயிர் பிரியும் நிலையில் கிடந்தது. அதன் கண்ணில் ஒளி மங்குவதை இளைஞர் அருகே நின்று கண்டார். அக்காட்சி அவர் நெஞ்சில் தங்கியது. ஆயினும் அதன் பொருளை உணர அவருக்கு நெடுநாள் பிடித்தது. அன்று மாலையே மனம் மாறிவிட்டார் என்று எண்ணுதல் பிழை. அதன் பின்னும் பல்லாண்டுகள் ஓநாயையும் மலைச்சிங்கத்தையும் ஒழிக்க வேண்டும் என்றே அவர் பேசினார், எழுதினார்.

நியூ மெக்சிகோவில் கார்சன் காட்டின் பொறுப்பு அவரிடம் வந்தது. 1912ஆம் ஆண்டு எஸ்டெல்லா என்னும் நங்கையை மணந்தார். மறு ஆண்டே காட்டுப் பயணம் ஒன்றில் மழையிலும் குளிரிலும் அகப்பட்டுச் சிறுநீரக நோய்க்கு ஆளானார். பிழைப்பதே அரிது என்னும் நிலை ஏற்பட்டது. ஓராண்டுக்கு மேல் படுக்கையிலும் ஓய்விலும் கழித்த அவர், அக்காலத்தை நூல்களைப் படிப்பதில் செலவிட்டார். மீண்டு எழுந்ததும் மரத்தைவிட விலங்கின்மீதே அவர் நாட்டம் மிகுதியாகச் சென்றது. ஊர்தோறும் வேட்டைக்காரரைக் கூட்டிச் சங்கங்கள் அமைத்தார். திருட்டு வேட்டையைத் தடுக்கச் சட்டத்தை உறுதியாக நடத்துமாறு அரசை வற்புறுத்தினார். முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசுவெல்ட் 1917ஆம் ஆண்டு அவருக்குப் பாராட்டுக் கடிதம் எழுதினார்.

அந்நாளில் நல்லோர் அனைவரும் போற்றிய சட்டம் ஒன்று உண்டு. கொம்புடைய கலையை மட்டுமே சுடலாம். பிணையையும் மறியையும் தொடலாகாது என்பது அது. ஒரு கலை பல பிணைகளோடு கூடும் இயல்புடையது. ஆதலின் கலைகள் சில குறைந்தாலும் பிறக்கும் மறிகளின் தொகை குறைவதில்லை. மான் அருகிப்போயிருந்த காலத்தில் இச்சட்டம் மருந்து போல் பயன்பட்டது. விஸ்கான்சின் மாநிலமும் 1915ஆம் ஆண்டில் இதனை மேற்கொண்டது. லியோபோல்டும் இதனை மனமார ஆதரித்தார். பிற்காலத்தில் இதே சட்டத்தை எதிர்த்து அவர் போராட நேர்ந்ததுதான் அவர் வாழ்வின் வியப்பு.

அவ்வெதிர்ப்பிற்கு வித்திட்ட நிகழ்ச்சிகளுள் ஒன்று அரிசோனாவில் நடந்தது. பெரும் பள்ளத்தாக்கின் வடகரையில் கைபாப் என்னும் மேட்டுநிலம் உள்ளது. 1906ஆம் ஆண்டு ரூசுவெல்ட் அதனை வேட்டை விலங்குகளின் காப்பிடமாக ஆக்கினார். மான் வேட்டை அங்கே நிறுத்தப்பட்டது. மலைச்சிங்கமும், நரியை ஒத்த கொயோட்டியும் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டன; ஓநாய் அற்றே போயிற்று. மான் பெருகியது; மரத்தில் மான் எட்டும் உயரம் வரை தழை என்பதே இல்லாமற் போயிற்று. 1924ஆம் ஆண்டில் அங்கு ஓர் இலட்சம் மான்கள் இருந்தன என்று சிலர் மதிப்பிட்டனர். அதனினும் மிகக் குறைவாக மதிப்பிட்டவரும் உண்டு. அவ்வெண்ணிக்கை பற்றி இன்றும் அறிஞர் ஒத்த கருத்துடையவர் அல்லர். மான்கள் பட்டினியால் மடிந்தன என்பதில் மட்டும் ஐயமில்லை. அவ்வாண்டு பனிக்காலத்தில், மந்தையை ஓட்டுவது போல் மான்களைப் பள்ளத்தாக்கின் மறுகரைக்கு ஓட்டிச் செல்லச் சிலர் முயன்றனர். ஆட்கள் வரிசையாக நின்று மணியடித்தும் தகரம் தட்டியும் ஆரவாரித்தனர். பனிப்புயல் வீசியது, மான்களோ ஆட்களின் இடையே புகுந்து பின்னோக்கி ஓடிவிட்டன. மறுகரைக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை.

1924ஆம் ஆண்டு லியோபோல்டு விஸ்கான்சினின் தலைநகராகிய மாடிசனுக்குக் குடிபெயர்ந்தார். நியூ மெக்சிகோவில் கிலா ஆற்றின் தலைப்பகுதியைச் சாலையில்லாக் காடாகவே விட்டுவைக்க வேண்டும் என்று அவர் எழுப்பிய கோரிக்கை நிறைவேறியதும் அவ்வாண்டில்தான். மாடிசனில் மரப்பொருள் ஆராய்ச்சிக்கூடத்தில் நான்காண்டுகள் பணிபுரிந்தார். பின்னர் அதனை விடுத்து, நாட்டின் வடநடு மாநிலங்களில் வேட்டை விலங்குகளின் நிலையை ஆராய்ந்தார். 1933ஆம் ஆண்டு வேட்டை விலங்கு மேலாண்மை பற்றிய பெருநூலை வெளியிட்டார். அவ்வாண்டே விஸ்கான்சின் பல்கலைக்கழகம் அவரை அத்துறைப் பேராசிரியராக அமர்த்தியது.

1935ஆம் ஆண்டு அவர் ஜெர்மனி நாட்டுக் காடுகளைக் காணச் சென்றார். அவருடைய முன்னோர் அந்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர். அம்மொழியும் அவருக்கு இளமையிலேயே பழக்கம். ஏறத்தாழ மூன்று திங்கள் அங்கே தங்கினார். வேட்டைக்கலையில் ஜெர்மானியரை விஞ்சினவர் இலர் என்பது அக்காலத்து எண்ணம். அங்கே மானின் கொம்பை நோக்கியே வேட்டை நடந்தது. எந்தக் கலையின் கொம்பு நன்கு கிளைத்து வளரும் எனத் தோன்றுகிறதோ, அதனை முதுமை எய்தும் வரை விட்டுவைப்பர். எதன் கொம்பு கோணலாகவோ குறையுடையதாகவோ உள்ளதோ, அதனை இளமையிலேயே சுட்டு நீக்குவர். 1934ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையை நாடெங்கும் வலியுறுத்தியது. சுட்ட மானின் கொம்பை ஆண்டுதோறும் காட்சிக்குக் கொண்டுவந்து வைக்க வேண்டும். சுட்டது சரியா தவறா என்று அங்கே தீர்ப்புக் கூறுவர். நெல்வயலில் களை பறிப்பது போலக் காட்டில் கொம்பு களைவது அவர்கள் கருத்து.

களைக்கும் கொம்பிற்கும் வேறுபாடு உண்டு. மானின் கொம்பு எவ்வாறு அமையும் என்பது மூன்றைப் பொறுத்தது. மரபு அவற்றுள் ஒன்றே; அகவையும் உணவும் ஏனைய இரண்டு. ஓராண்டு நிரம்பிய இளங்கலை தழை மிக்க காட்டில் வளர்ந்தால் அதன் முதற்கொம்பே கவை விட்டுக் கிளைப்பதுண்டு. அதே இளங்கலை உணவு வற்றிய காட்டில் வளர்ந்தால் கிளையற்ற ஈட்டிக்கொம்புடன் நிற்கும். அடுத்த ஆண்டு வயிறு நிறைந்தால் கவை தோன்றிவிடும். தோல் போர்த்த குருத்தாக இருக்கும்போது கிளையில் மோதினாலும் வேலியில் சிக்கினாலும் கொம்பு வளைந்துபோகும். வியப்பான செய்தி இன்னும் ஒன்று உண்டு. பின்னங்கால் ஒன்றில் கடுங்காயம் பட்ட கலைக்கு, பெரும்பாலும் எதிர்ப்பக்கத்துக் கொம்பே கோணலாக முளைக்கும். இவ்வாறு காயத்தால் கோணிய கொம்பு மறிகளுக்குச் செல்வதில்லை. மேலும், மறியின் கொம்பில் தாய்க்கும் பங்கு உண்டு. தாய்க்கோ கொம்பில்லை, அதன் மரபில் நல்ல கொம்பு உறங்குகிறதா, தீய கொம்பு உறங்குகிறதா என்பதை எந்த வேட்டைக்காரன் கண்டறிவான்? ஆதலின் திரியும் காட்டு மான்களுள் கோணற்கொம்பை மட்டும் தேர்ந்து கொன்று இனத்தைத் திருத்த முயல்வது பெரும்பாலும் வீண்முயற்சியே. ஒரு கலையைத் தனக்கு வேண்டும் என்று சுடுவது ஒன்று. இனத்தை உயர்த்துகிறேன் என்று சொல்லிச் சுடுவது மற்றொன்று.

லியோபோல்டின் பார்வை கொம்பின்மேல் தங்கவில்லை. மானின் காலடியில் கிடந்த நிலத்தின்மேல் சென்றது. ஜெர்மானியக் காட்டில் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரங்கள் படை வரிசை போல நின்றன. மரத்தின் நிழலில் புதரில்லை, பூச்செடியில்லை. முளைத்தவற்றை எல்லாம் மான் தின்றிருந்தது. இளமரங்களைக் காக்க வேலி கட்டியிருந்தனர். பனிக்காலத்தில் மானுக்கு வைக்கோலும் தீனியும் சுமந்து சென்று இட்டனர். ஓநாய் அந்நாட்டில் முன்னரே அழிக்கப்பட்டுவிட்டது. சுவரில் தொங்கிய கொம்புகள் அழகாக இருந்தன. அவற்றைத் தந்த காடு வறண்டு கிடந்தது. மரத்தையும் மானையும் தனித்தனியே மிகுதியாக விளைவிக்க முயன்று, இரண்டையும் தாங்கும் நிலத்தை அம்மக்கள் தளர்த்திவிட்டனர் என்ற முடிவுடன் அவர் நாடு திரும்பினார்.

அடுத்த ஆண்டு அவர் மெக்சிகோ நாட்டின் வடபகுதியில் உள்ள சியரா மாட்ரே மலைக்குச் சென்றார். அதற்கு அடுத்த ஆண்டும் சென்றார். தம் கையால் செய்த வில்லும் அம்புமே வேட்டைக்கு எடுத்துச் சென்ற கருவிகள். காவிலான் ஆற்றங்கரையில் புல்லும் ஓக்கு மரமும் செழித்திருந்தன. மான்கள் நிறைந்திருந்தன, ஆனால் மிகுந்துவிடவில்லை. ஆற்றுநீர் தெளிந்து ஓடியது. ஓநாயும் மலைச்சிங்கமும் அங்கே இன்னும் உலவின. வேலி எதுவும் இல்லை; தீனி சுமப்பார் எவரும் இல்லை; கொம்பை ஆராய்ந்து களையெடுப்பாரும் இல்லை. அரிசோனாவில் இளமையில் கண்ட ஓநாயின் கண் அவர் நினைவிற்கு அப்போது வந்ததோ என்னவோ, அதன் பின்னர் அவர் எழுத்தில் ஓநாயைப் பகையாகக் கூறும் பழைய குரல் மெல்ல மெல்ல மறைந்தது.

இதற்கிடையே 1935ஆம் ஆண்டு, விஸ்கான்சின் ஆற்றங்கரையில் பயிரேற்றும் வலியிழந்து கைவிடப்பட்ட பண்ணை ஒன்றை விலைக்கு வாங்கினார். அங்கிருந்த கோழிக்கொட்டிலைத் துப்புரவு செய்து விடுமுறை நாள்களில் குடும்பத்தோடு தங்கினார். ஐந்து மக்களும் தாயும் தந்தையுமாகக் குழி தோண்டிப் பைன் நாற்றுகளை நட்டனர். முதல் ஆண்டு நட்டவை பெரும்பாலும் வறட்சியால் பட்டுப்போயின. அவர்கள் சோர்வடையாமல் ஆண்டுதோறும் நட்டுவந்தனர். இளம்பைன் நாற்றின் நுனியை மான் கடித்துத் தின்னும் என்பதையும் அவர் அப்பண்ணையில் தம் கண்ணாலேயே கண்டார்.

விஸ்கான்சினின் வடபகுதிக் காடுகள் முன்பே வெட்டப்பட்டு, தீயாலும் அழிந்தவை. வெட்டிய நிலத்தில் தழைத்த புதரும் இளமரமும் மானுக்கு நல்ல இரையாயின. கலையை மட்டுமே சுடும் சட்டம் முப்பது ஆண்டுகளாக நடந்துவந்தது. ஓநாயும் ஒரு சிலவே எஞ்சியிருந்தன. மான் பெருகியதில் வியப்பில்லை. கோடையில் காட்டைக் காண்பவருக்கு எங்கும் பசுமை. குறை ஒன்றும் தெரியாது. மானின் உண்மை நிலையை அறியப் பனிக்காலத்தில் செல்ல வேண்டும். ஆழ்ந்த பனியில் நடக்க இயலாமல் மான்கள் ஊசியிலை மரங்கள் அடர்ந்த தாழ்ந்த சதுப்பிடங்களில் கூட்டமாக ஒதுங்கும். அங்கே அவற்றின் சிறந்த உணவு வெண்சீடார் மரத்தின் தழை. ஆண்டுதோறும் தின்றதால், எட்டும் உயரத்தில் தழை தீர்ந்துபோயிற்று. பின்கால்களை ஊன்றி எழுந்து எட்டும் வலிமை முதிர்ந்த மானுக்கு உண்டு, மறிக்கு இல்லை. ஆதலின் முதலில் மடிவது மறியே.

மான்களின் நிலையை ஆராய மாநிலம் குடிமக்கள் குழு ஒன்றை அமைத்து, லியோபோல்டை அதன் தலைவராக்கியது. 1943ஆம் ஆண்டு பனி உருகுமுன் குழுவினர் அச்சதுப்பிடங்களுக்குள் நடந்து சென்றனர். பட்டினியால் இறந்த மறிகளின் உடல்களை அங்கே கண்டனர். அதற்கு முன் குழுவில் ஐயுற்றிருந்தவர்கள்கூட, கண்ட பின்னர் மறுத்துப் பேச இயலவில்லை. கலையை மட்டும் சுடுவதால் மந்தை குறையாது. பிணைகளின் தொகையையும் குறைத்தாலன்றிக் காடு பிழைக்காது. காடு பிழைக்காவிடில் மானும் பிழைக்காது என்று குழு முடிவு செய்தது. அவ்வாண்டே லியோபோல்டு மாநில இயற்கைவளக் காப்பு ஆணைக்குழுவின் உறுப்பினராகவும் அமர்த்தப்பட்டார். அப்பணிக்கு ஊதியம் இல்லை.

அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் வேட்டைக்காலம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. முதல் நான்கு நாள் கவைக்கொம்புடைய கலைகளை மட்டும் சுடலாம். மூன்று நாள் இடைவெளிக்குப் பின் நான்கு நாள் கொம்பில்லாத மான்களைச் சுடலாம். இரு பகுதிகளிலும் சேர்ந்து சுமார் 1,28,000 மான்கள் வீழ்ந்தன. அம்மாநிலம் அதுவரை கண்டிராத தொகை அது. முறையில் குறையும் இருந்தது. மான் நெருக்கம் எல்லா மாவட்டங்களிலும் ஒரே அளவாக இல்லை. வேட்டைக்காரரோ போக எளிய இடங்களிலேயே மிகுதியாகக் கூடினர். தவறான காலத்தில் தவறான மானைச் சுட்டுவிட்டு, அஞ்சிக் காட்டிலேயே விட்டுச் சென்றவர்களும் உண்டு.

மக்களின் சினம் மூண்டது. முப்பது ஆண்டுகளாகப் பிணையைச் சுடுவது பாவம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். அதனைக் கற்பித்தவர்களும் லியோபோல்டைப் போன்ற அறிஞர்களே. அதே வாயால் பிணையைச் சுடு என்றால் எவ்வாறு ஏற்பர்? சினம் கொண்டவர்கள் எல்லோரும் அறிவிலிகள் என்று கூறிவிடுவது எளிது. அது நேர்மை அன்று. மானிடம் அவர்கள் கொண்ட அன்பு உண்மையானது. அவர்கள் மானைக் கண்டது கோடையில், சாலையோரத்தில். லியோபோல்டு கண்டது பனியில், சதுப்பில். 1943ஆம் ஆண்டு வேட்டைக்குப் பெருங்குற்றம் என்று பெயரிட்டு வழங்கினர். அவரையும் அவர் தோழர்களையும் தாக்குவதற்கென்றே ஒரு செய்தித்தாள் தொடங்கப்பட்டது. பட்டினி என்பது பேராசிரியர்களின் கட்டுக்கதை என்றும், வைக்கோல் இட்டால் மான் பிழைக்கும் என்றும் அது வாதிட்டது. அடுத்த ஆண்டு ஆணைக்குழு பழைய சட்டத்திற்கே திரும்பியது. அதன் பின்னர் ஒவ்வோர் ஆண்டும் லியோபோல்டு கொம்பில்லா மான் வேட்டையை வேண்டி வாதாடினார். ஒவ்வோர் ஆண்டும் தோற்றார்.

அவர் சினந்து விலகவில்லை. பதவியிலேயே நிலைத்து நின்றார். வகுப்பறையில் மாணவர்களிடம் கைபாப் மேட்டின் கதையையும் ஜெர்மனியின் கதையையும் கூறினார். பண்ணைக் கொட்டிலில் வைகறையில் எழுந்து, எந்தப் பறவை எத்தனை மணிக்கு முதற்குரல் எழுப்புகிறது என்று குறித்துக்கொண்டார். தொல்லை மிகுந்த அக்காலத்தில்தான், 1944ஆம் ஆண்டு, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தாம் சுட்ட ஓநாயைப் பற்றிக் கட்டுரை எழுதினார். மானுக்கு ஓநாயின்மேல் எவ்வளவு அச்சமோ, மலைக்கு மானின்மேல் அவ்வளவு அச்சம் என்பது அக்கட்டுரையின் கருத்து. ஓநாய் வீழ்த்திய கலைக்கு ஈடாக இரண்டு மூன்று ஆண்டுகளில் வேறு கலை வந்துவிடும். மிகுந்த மான்கள் அழித்த மலைக்கு இருபது, முப்பது ஆண்டுகளிலும் ஈடு வருவது அரிது என்று அதில் கணக்கிட்டுக் காட்டினார்.

அக்கட்டுரையையும் பண்ணையைப் பற்றிய குறிப்புகளையும் தொகுத்து நூலாக்க அவர் பலமுறை முயன்றார். பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. 1948ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் ஏற்றுக்கொண்டதாகச் செய்தி வந்தது. ஒரு வாரத்திற்குப் பின், அத்திங்கள் 21ஆம் நாள், பண்ணைக்கு அருகே அண்டை வீட்டாரின் நிலத்தில் புல் பற்றி எரிந்தது. தாம் நட்ட பைன்களை நோக்கித் தீ பரவுமோ என்று அஞ்சி, லியோபோல்டு நீர் தெளிக்கும் கருவியைச் சுமந்து ஓடினார். அணைத்துக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பு ஏற்பட்டு, தனியே நின்ற இடத்திலேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு அகவை அறுபத்தொன்று. பர்லிங்டனில் அவரை அடக்கம் செய்தனர்.

மறு ஆண்டு இலையுதிர் காலத்தில் அந்நூல் வெளிவந்தது. தொடக்கத்தில் அதனை வாங்கியவர் சிலரே. அதே ஆண்டு, 1949இல், விஸ்கான்சின் மாநிலம் கொம்பில்லா மான்களைச் சுட மீண்டும் இசைவு அளித்தது.